ஃபியூஸில் தடிக்கம்பி வைத்தவன்

தம்பி,

போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். மூன்று தடவையும் நீ எடுத்தாய். நான்தான், சாப்பிட்டாயா, குழந்தைக்கு இருமல் எப்படி இருக்கிறது, ஹைதராபாத்தில் குளிர் உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளையிடம் பேச நாக்கு எழவில்லை என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். நம் பரணிலிருந்து இறக்கி, காரில் போர்வை சுற்றி நீ எடுத்துக்கொண்டு போனாயே, அந்த ஆம்ப்ளிஃபையரைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் அவசரமான விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் சினேகிதர்கள் பழைய பெட்டிகளோடு கூடும் ரிச்சர்ட்ஸ் டவுன் ஹாலில் அதை வைக்கப் போவதாகவும், முன்பக்கத்துக்கு என் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று செய்யக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாய். அதை நிறுத்து. செய்து முடித்திருந்தால் தூக்கிப் போடு. அந்தப் பெட்டியைக் கட்டியது நான் இல்லை. உன் அம்மா.

மேலே படிப்பதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா. நானும் இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்க் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று வாரம் முன்பு நீ வீடியோ காலில் வந்தாய். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, போனை உள்ளே விட்டுக் காட்டிக் காட்டிப் பேசினாய். உன் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுல ரெண்டு பேரு கை வச்சிருக்காங்கப்பா" என்றாய். "ஒண்ணு உங்க கை. வயரெல்லாம் சேர்த்து மெழுகு நூல்ல கட்டி, விரக்கடைக்கு ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுகூட ஏறி இறங்கல. இவ்ளோ பொறுமை உங்களுக்கு உண்டுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே!" நான் என்ன செய்தேன் தெரியுமா? மீசையைத் தடவிக்கொண்டேன். அடுத்து நீ ஃபியூஸ் இருக்கும் இடத்தைக் காட்டினாய். "இங்க பாருங்க, இது இன்னொரு கை. எவனோ மடையன், ஃபியூஸ எடுத்துட்டு அந்த எடத்துல தடியா ஒரு காப்பர் கம்பிய முறுக்கி வச்சிருக்கான். லோடு ஜாஸ்தியாச்சுன்னா ஃபியூஸ் போயி மத்ததைக் காப்பாத்தும். கம்பி போகுமா? அதான் பெரிய டிரான்ஸிஸ்டர் நாலும் வெந்து போயிருக்கு. இதுல கொடுமை என்னன்னா, மூடிக்கு உள்பக்கமே சின்னப் பொட்டலம் கட்டி ரெண்டு புது ஃபியூஸ் ஒட்டி வச்சிருக்கு. அதப் பாக்கக்கூட இல்ல அந்த ஆளு. யாருப்பா அவன்?"

"சிவாஜிநகர்ல ஒரு மெக்கானிக்டா" என்றேன். "அவன் கையில குடுத்திருக்கவே கூடாது." சொல்லும்போது அந்த இல்லாத மெக்கானிக் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அவன் கையை ஒடிக்கணும்" என்றாய் நீ. "ஆமாமா" என்றேன் நான். உன் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. நீ போனை வைத்த பிறகு, பிதுக்கிய பருப்பை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே, "அந்த மெக்கானிக் பேரு இன்னாங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. கடைக்காரன் பெயரைக் கேட்பதுபோலக் கேட்டாள். நான், சீ, எழுதவே கை கூசுகிறது, "மறந்துபோச்சு" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அந்த மடையன் நான்தான் தம்பி. ஒடிக்க வேண்டிய கை இதோ இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.

எப்படி இதெல்லாம் நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவும் நானும் டெலிபோன் ஃபேக்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று நீ எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை கேட்டாய். "சும்மா வயர் சுத்துற வேலை" என்று நான் பதில் சொன்னேன். அந்தச் 'சும்மா'வுக்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். கோலார் தங்கவயலிலிருந்து ஐ.டி.ஐ.யில் ரேடியோ பிரிவு படித்துவிட்டு வந்தவள் அவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போகும் பெரிய பெரிய இரும்புச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான வயர்களை வரிசைப்படுத்தி, மெழுகு நூலால் கட்டி, சோல்டர் வைக்கும் செக்ஷன் அவளுடையது. அவள் கட்டிய சட்டத்தை இன்ஸ்பெக்ஷனில் திருப்பி அனுப்பியதே இல்லை என்று அவள் சூப்பர்வைசர் என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் யார்? டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்த்து, லேட்டாக வந்தவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போடுவது என் வேலை. இரண்டு வயர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தொம்மலூரில் நம் தெருவில் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆம்பிளை நான் ஒருத்தன்தான். அதனால் டெலிபோன் பழுதானாலும் ரேடியோ கரகரத்தாலும் ஜனங்கள் என்னைத்தான் கேட்பார்கள். நானும் தலையை ஆட்டி, "எடுத்துட்டு வாங்க பாக்கலாம்" என்பேன். வீட்டுக்குள் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பேன். சரியானதும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கல்யாணமான இரண்டாவது வருஷம், டேப் ரெக்கார்டர் சத்தம் சின்னதாக இருக்கிறதென்று அவள்தான் ஒரு நாள், "ஏங்க, இதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டலாமா?" என்று கேட்டாள். வளையல் வாங்கலாமா என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த சர்க்யூட்டைக் கையால் பெரிதாக வரைந்து வைத்திருந்தாள். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. எஸ்.பி. ரோடு கடைகளுக்கு நானும் கூடப் போவேன். கடைக்காரன் அவளைப் பார்க்கவே மாட்டான், என்னைப் பார்த்துத்தான், "என்ன வேணும் சார்?" என்பான். அவள் என் காதருகில் சொல்லுவாள், நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். கடைக்காரன் எதிர்க்கேள்வி கேட்டால் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். இப்போது நினைத்தால், திருட்டுக்கு அங்கேயே பழகிக்கொண்டேன் போலிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரை அவளே சுற்றினாள். கையால் சுழற்றும் டிரில் மெஷினை மேசை ஓரத்தில் இறுக்கி, வலது கையால் சுழற்றி, இடது கையால் கம்பியைத் தடவித் தடவிப் படியவைப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றை எண்ண வேண்டும், நூறுக்கு ஒரு கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் கமெண்ட்ரியில் கவனம் போய் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். "பரவால்லங்க" என்று சொல்லி, சுற்றியது அத்தனையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினாள். அந்தப் பெட்டியில் என் பங்கு அந்தக் கோடுகள்தான். அதிலும் பாதி தப்பு.

முதன்முதலாக மின்சாரம் கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேராகக் கொடுக்காமல் நடுவில் ஒரு குண்டு பல்பை வைத்துக் கொடுத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மெல்ல மங்கியது. "மங்கிடுச்சுங்க! ஷார்ட் இல்ல, எல்லாம் சரியா இருக்குது!" என்று கையைத் தட்டினாள். நீயும் அதே மாதிரி நடுவில் பல்பு வைத்துப் பார்த்ததாகச் சொன்னபோது எனக்கு அவள் கை தட்டியதுதான் காதில் கேட்டது. டேப்பைப் போட்டதும் வீடு நிறைந்த மாதிரி பாட்டு வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனாலும் வந்தவர்களுக்குக் காபி போட உள்ளே ஓடினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு கௌடர் என் தோளில் கை வைத்து, "நீவே மாடித்ரா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். நீங்களேவா செய்தீர்கள் என்று. நான் முதலில் சிரிக்கத்தான் செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர் விடவில்லை, "ஹேளி சார்", சொல்லுங்கள் என்றார். "ஹௌது" என்றுவிட்டேன். ஆமாம். அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை. திரும்பினால் உன் அம்மா தட்டில் காபி டம்ளர்களோடு நிற்கிறாள். எல்லோருக்கும் கொடுத்தாள். கௌடருக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். அவர்கள் போனதும், "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்று சொல்லி என் இடுப்பில் இடித்தாள். இருவரும் சிரித்தோம். அவளுக்கு அது விளையாட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் அவளுக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்திருக்கும். நான் அதை விளையாட்டாக நிறுத்தவில்லை.

அந்த ஒரு வார்த்தை தெருவெல்லாம் சுற்றி வந்தது. ஃபேக்டரி பஸ்ஸில் என்னை 'ஆம்ப்ளிஃபையர் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதே பஸ்ஸில் முன்வரிசையில் பெண்களோடு உன் அம்மா உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அடுத்த வருஷம் கணேசா பண்டிகைக்குத் தெருமுனையில் பந்தல் போட்டார்கள். வாடகை செட்டு வேண்டாம், சாரோட ஆம்ப்ளிஃபையரை வைக்கலாம் என்றார்கள். நான் உச்சி குளிர்ந்துபோய்ச் சரி என்றேன். அவள் ஒன்றுதான் சொன்னாள்: "ரெண்டு பாக்ஸுக்கு மேல போடாதீங்க. தாங்காது." தலையாட்டிவிட்டுப் போனேன். பந்தலில் ஆளாளுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் தெரியாதே! ஆறு பெட்டியை மாட்டினேன். சாயங்காலம் பூஜைக்கு முன்னால் பாட்டு பொசுக்கென்று நின்றது. கூட்டம் என்னைப் பார்க்கிறது. கௌடர், "ஏனாயித்து சார்?", என்ன ஆச்சு என்கிறார். நான் பெட்டியைத் தட்டுகிறேன், திருப்புகிறேன், பின்னால் ஒரு மரையைத் திருகிப் பார்த்து ஃபியூஸ் போயிருக்கிறது என்று மட்டும் கண்டுபிடித்தேன். வேறு ஃபியூஸ் எங்கே இருக்கும் என்று தெரியாது.

அப்போது உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் வயிற்றில் நீ இருந்தாய், ஆறாவது மாதம். "ஏங்க, அந்த மூடிய..." என்று ஆரம்பித்தாள். இவள் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. "உள்ள போடி" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் கேட்கிற மாதிரி, "சோல்டரிங் அயர்னுக்கும் தோசைக்கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாதவ, இங்க வந்துட்டா" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. வயிற்றின் மேல் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வீட்டு வயரிங் கேபிள் ஒன்றைச் சீவி, உள்ளேயிருந்த தடிக்கம்பியை முறுக்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் திணித்தேன். பாட்டு வந்தது, கைதட்டினார்கள். அரைமணி நேரத்தில் புகையும் வந்தது.

அன்று அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது தம்பி. என்னைக் காட்டிக்கொடுக்க வந்தாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நான் பேசியதற்கு ஒரு நியாயம்கூட மனசுக்குள் வைத்திருந்தேன். மூன்று வாரம் முன்பு நீ அந்தப் பொட்டலத்தைப் போனில் காட்டி, மூடிக்குள்ளேயே இரண்டு புது ஃபியூஸ் இருக்கிறது என்று சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த மூடியைத் திறங்க, உள்ளே ஃபியூஸ் இருக்கிறது என்றுதான் அவள் சொல்ல வந்திருக்கிறாள். யாருக்கும் சந்தேகம் வராமல், என் மானத்தைக் காப்பாற்றத்தான் ஆறு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் வந்திருக்கிறாள். இது தெரிந்த அடுத்த நொடிதான் நான் உன்னிடம் சிவாஜிநகர் மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னேன். என் வெட்கத்தில் பெரிய வெட்கம் அதுதான். பந்தலில் சொன்னது முப்பத்தைந்து வயதுக்காரனின் திமிர் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த மெக்கானிக்கை நான் பேரன் எடுத்த பிறகு, பக்கத்தில் அவளை வைத்துக்கொண்டு உண்டாக்கினேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அவள், "எடுத்துட்டு வாங்க, டிரான்ஸிஸ்டர் மாத்தினா சரியாயிடும்" என்றாள். அதாவது என்னோடு சண்டை போடக்கூட இல்லை. நான்தான் எரிந்து விழுந்தேன். டிரான்ஸ்ஃபார்மரே வெந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரிந்ததுபோலச் சொல்லி, சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். பழுது பார்த்தால் யார் பார்த்தது என்ற கேள்வி வருமே! நீ பிறந்த பிறகு அவளை வேலையை விடச் சொன்னேன். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். என் அக்கா அப்போது நம் வீட்டோடுதான் இருந்தாள், சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னைச் செக்ஷனில் இன்ஸ்பெக்டராகப் போட நினைக்கிறார்கள் என்று உன் அம்மா என்னிடம் சொன்ன வாரம்தான் நான் அப்படிச் சொன்னேன். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் உன்னிடம் கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்கு அனுப்புவாளே, நினைவிருக்கிறதா? இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான், டேபிள் ஃபேனும் அப்படித்தான். பத்து நிமிஷத்தில் அவளே செய்யக்கூடிய வேலை. பந்தலுக்குப் பிறகு அவள் சோல்டரிங் அயர்னைக் கையில் எடுத்ததே இல்லை. அதைக் கவனிக்கவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மற்றவர்கள் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் சிவப்பு மை எடுத்தவன் நான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்டுக்கொள். போன தீபாவளிக்கு உன் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தபோது, மருமகள் நித்யா புதுக் காரை கேட்டில் உரசியதைச் சொல்லி, "இவளுக்கு ஸ்டியரிங்கும் ஒண்ணுதான், சப்பாத்திக் கட்டையும் ஒண்ணுதான்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். நித்யாவும் சிரித்தாள். பரிமாறிக்கொண்டிருந்த உன் அம்மா மட்டும் சாம்பார்க் கரண்டியைக் குண்டானிலேயே விட்டுவிட்டு நித்யாவின் முகத்தைப் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நீ நல்லவன், கேலிக்குத்தான் சொன்னாய், தெரியும். நானும் என்னை நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குத் தலை நிமிரவில்லை. இன்றைக்கே நித்யாவிடம் அதைப் பற்றிப் பேசு. அவளுக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நீயாக முடிவுகட்டாதே. உன் ஆபீஸிலும் யாராவது, இதை நீயா செய்தாய் என்று கேட்டு, செய்தது வேறு ஆளாக இருந்தால், சிரித்துக்கொண்டு நிற்காதே. பெயரைச் சொல்லிவிடு, அந்த இடத்திலேயே.

முந்தாநாள் மத்தியானம் சாப்பாடு ஆன பிறகு அவளிடம் பேசினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மரகதம்" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டதால் பயந்துபோய், "இன்னாங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றாள். "இல்ல, அந்த ஆம்ப்ளிஃபையர் விஷயம் அவன்கிட்ட சொல்லிடப் போறேன். கட்டினது நீதான்னு." அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "சொல்லுங்க. அவன் சந்தோஷப்படுவான்" என்றாள். அதை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "ஹீட்சிங்க்குன்னு சூடு ஆறுறதுக்கு ஒரு அலுமினியத் துண்டு இருக்கும், அது மேல ஒரு டையோடு ஒட்டியிருப்பேன். சூடு ஏறினா கரண்ட்டக் கொறைக்கறதுக்கு. அத சும்மா ஒட்டியிருக்குதுன்னு எடுத்துடப் போறான், எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள். முப்பத்தேழு வருஷம் ஆகிறது தம்பி! எந்த வயர் எங்கே போகிறது என்று எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டு, "தோசைக்கரண்டியையும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

அதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன் என்பதுதான் சரி. "சொல்றேன்" என்றேன். "அன்னிக்கு பந்தல்ல எத்தினி பேரு இருந்தாங்க?" என்றாள். "ஒரு நாப்பது பேரு இருப்பாங்க." "ஞாயித்துக்கெழம அந்த ஹால்ல எத்தினி பேரு வருவாங்களாம்?" "அம்பது பேரு வரலாம்னு சொன்னான்." "சரி" என்றாள். அவ்வளவுதான். மடித்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உனக்கு மட்டும் ரகசியமாகக் கடிதம் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அந்தச் 'சரி'யில் முடிந்துபோயிற்று.

ஆகையால் இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, நீ முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காக. இன்னொன்று என் சட்டைப் பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுன் ஹாலில், பழைய பெட்டிகளோடு வரும் உன் சினேகிதர்கள் எல்லோரும் கூடியதும், நீ நம் பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எனக்கு நேரம் கொடு. முழுவதையும் படிப்பேன், ஒரு வரி விடமாட்டேன். கௌடரின் மகனிடமும் சொல்லியிருக்கிறேன், நம் பழைய தெருக்காரர்கள் இன்னும் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வருவான். அன்று சிரித்தவர்களில் நாலு பேராவது வரட்டும். எனக்குக் குரல் உடைந்தால் நீ எழுந்து வந்து காகிதத்தை வாங்கிக்கொள்ளாதே. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, என்னமோ உளறுகிறார் என்று யாரிடமும் சமாதானமும் சொல்லாதே. புதுத் தகட்டில் ஜே. மரகதம் என்று போடு, ஃபேக்டரி பேட்ஜில் அவள் அப்பாவின் இனிஷியலோடு அப்படித்தான் இருந்தது. என் இனிஷியல் வேண்டாம். டையோடை எடுக்காதே. நான் படித்து முடித்ததும் கேள்வி கேட்க வருபவர்கள் என்னிடம் வருவார்கள், பழக்கதோஷம். அவர்களை அவள் பக்கம் திருப்பிவிடு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி போட்டு வை. எனக்கு வேண்டாம், நான் நின்றுகொண்டே படித்துவிடுவேன்.

அப்பா